கைப்பிடி கனத்தால் நிறுத்துங்கள்: வீட்டு ரீலோடிங் மேசையின் கோளாறுகள்

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையான கேஸில் புதிய ப்ரைமர் (துப்பாக்கியின் ஊசி அடித்ததும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், புல்லட் போட்டு மறுபடி நிரப்புவதுதான் ரீலோடிங். அதில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. புல்லட்டை உட்கார்த்தும்போது கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே அகலும் சரிவு) நசுங்கினால் எல்லோரும் அந்த டையைத்தான் (கேஸை உள்ளே விட்டு அழுத்தும் எஃகு அச்சு) திட்டுவார்கள். உண்மையில் மூன்று கட்டத்துக்கு முன்னால் நீளம் வெட்டாமல் விட்டதுதான் காரணமாக இருக்கும். ப்ரைமர் இறங்காமல் முரண்டு பிடித்தால் ப்ரைமர் கருவியைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். காரணம் கேஸின் குழியில் இருக்கும். அதனால் பிரஸ்ஸின் (கேஸை டைக்குள் ஏற்றும் கருவி) கைப்பிடி வழக்கத்துக்கு மாறாகக் கனத்தால் முதலில் நிறுத்த வேண்டும், அடுத்து பின்னோக்கிப் போய்த் தேட வேண்டும். அழுத்திப் பார்ப்போம் என்ற எண்ணமே வரக் கூடாது. வெடிக்கக் கூடிய இரண்டு பொருட்கள் மேசையில் இருக்கின்றன.

இங்கே சொல்வது அமெரிக்கச் சூழலை வைத்து. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் தோட்டாவை மறுபடி நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குத் தயாரித்தால் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். எத்தனை கிரெயின் (எடை அலகு) பவுடர் என்ற கணக்கு எதுவும் இதில் வராது. அது பவுடர் நிறுவனமோ புல்லட் நிறுவனமோ அச்சிட்ட கையேட்டிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும், நண்பர் சொன்ன எண்ணிலிருந்து அல்ல.

முதலில் எல்லோருக்கும் ஒரு நாள் வந்தே தீரும் கோளாறு: டைக்குள் சிக்கிக்கொண்ட கேஸ்.

ரைபிள் கேஸை அளவுக்குக் கொண்டுவரும் டையில் உராய்வு மிக அதிகம். லூப் (வழுக்குவதற்காகப் பூசும் மசகு) போதவில்லை என்றால் பித்தளை உள்ளே போய்க் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை மேலே தூக்கினால் ஷெல் ஹோல்டர் (கேஸின் அடியைப் பிடிக்கும் தாங்கி) கேஸின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு கீழே வரும், உடல் டைக்குள்ளேயே நிற்கும். அந்த நிலைக்குப் போகுமுன் ஒரு அறிகுறி உண்டு. ராம் (ஷெல் ஹோல்டரை ஏற்றி இறக்கும் தண்டு) ஏறும்போதே கனம் சட்டென்று கூடும், சில நேரம் கீச்சென்று சத்தம் வரும். அங்கேயே நிறுத்தி, வந்த வழியே மெதுவாக இறக்கி, இன்னும் லூப் தடவிவிட்டு மறுபடி ஏற்றினால் பிழைத்தோம். பாதி வழி போயாயிற்று, முடித்துவிடலாம் என்று ஒரு உந்து உந்தினால் மாட்டியது மாட்டியதுதான்.

மாட்டிய கேஸை எடுக்கும் வழி பல காலமாக ஒன்றேதான். டையைப் பிரஸ்ஸிலிருந்து கழற்றுங்கள். கேஸில் வெடிக்காத ப்ரைமர் இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இருந்தால் ட்ரில்லைத் தொடவே கூடாது. பழைய ப்ரைமரைத் தள்ளும் தண்டை எவ்வளவு மேலே தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்துங்கள், இல்லையென்றால் ட்ரில் நுனி அதில் போய் முட்டும். ப்ரைமர் குழியையே வழிகாட்டியாக வைத்து, கேஸின் அடியை 7-ஆம் எண் ட்ரில்லால் (0.201 அங்குலம்) துளையிட்டு, கால் அங்குலம்-20 டேப்பால் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) மரை வெட்டுங்கள். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று போனால் டேப் உடையாது. பிறகு கேஸை விட அகலமான ஒரு குழாய்த் துண்டையோ பெரிய சாக்கெட்டையோ டையின் வாய்மேல் நிறுத்தி, மேலே வாஷர் வைத்து, அதன் வழியாக ஒரு கால் அங்குல ஸ்க்ரூவை மரைக்குள் முடுக்குங்கள். ஸ்க்ரூ முடுக்க முடுக்கக் கேஸ் வெளியே இழுபடும். இதற்கென்று கிட் விற்கிறார்கள். மேசையில் ஒன்று முன்கூட்டியே இருந்தால் நல்லது, மாட்டிக்கொள்வது எப்போதும் கடை மூடிய ஞாயிற்றுக்கிழமையில்தான்.

வராமல் தடுப்பதற்கு ஸ்ப்ரே லூப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லேனோலினை ஆல்கஹாலில் கரைத்ததுதான் அந்த ஸ்ப்ரே. ஆல்கஹால் ஆவியாகி லேனோலின் மட்டும் மிஞ்ச ஐந்து நிமிடமாவது ஆகும். ஈரமாக இருக்கும்போதே டைக்குள் விட்டால் வழுக்காது, சிக்கும். புதிய டையில், அல்லது துடைத்துச் சுத்தம் செய்த டையில் போகும் முதல் கேஸுக்கு மற்றவற்றை விடச் சற்று அதிகமாகவே தடவுங்கள். கழுத்தின் உட்புறத்திலும் கொஞ்சம் படட்டும். வெளியே இழுக்கும்போது கீச்சிடுவது உள்ளே இருக்கும் விரிப்புக் குமிழ். அந்த இழுப்பில் கழுத்து கோணுவதோடு தோளும் மேலே இழுபடும்.

லூப் அதிகமானாலும் தொல்லைதான். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் டைக்குள் தேங்கிய லூப் கேஸின் தோளில் பள்ளம் விழுத்தும். டையின் பக்கத்தில் காற்று வெளியேற ஒரு சிறு ஓட்டை இருக்கும், அது அடைத்திருந்தால் இது இன்னும் மோசமாகும். ஒரு ஊசியால் குத்திவிட்டால் போதும். எல்லாக் கேஸிலும் ஒரே இடத்தில் நீளவாக்கில் கீறல் விழுந்தால் டைச் சுவரில் மணலோ பித்தளைத் துகளோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். கரைப்பானில் கழுவுங்கள், போகவில்லையென்றால் குச்சியில் சுற்றிய துணியில் மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்து எடுங்கள். கைத்துப்பாக்கிக்கான கார்பைட் டையில் லூப் அவசியமில்லை. ஆனால் அந்தக் கார்பைட் வளையம் கடினம், நொறுங்கும் குணமும் உண்டு. ஷெல் ஹோல்டர் அதில் ஓங்கி மோதும்படி டையை இறக்கி வைக்காதீர்கள்.

தோள் எவ்வளவு பின்னே போகிறது என்பதை அளந்தே ஆக வேண்டும். டையை ஷெல் ஹோல்டரைத் தொடும் வரை இறக்கி, அதற்கு மேல் கால் சுற்று முடுக்கு என்று பெட்டியில் எழுதியிருப்பது வெறும் தொடக்கம். சுட்ட கேஸையும் அளவாக்கிய கேஸையும் தோள் அளக்கும் கேஜில் வைத்து வித்தியாசம் பாருங்கள். கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் ரைபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம், தானாக ஏற்றும் ரைபிளுக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் பின்னே போனால் போதும். அதை விட அதிகம் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் அந்த இடைவெளியை நிரப்ப நீளும், அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலியும், ஒரு நாள் தலை தனியே உடல் தனியே அறுந்துவிடும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சற்று வளைத்து, கேஸின் உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் ஒரு பள்ளம் நுனியில் இடறினால் அந்தக் கேஸைத் தட்டையாக நசுக்கிக் குப்பையில் போடுங்கள். வெளியே அதே இடத்தில் பளிச்சென்ற வளையம் தெரிவதும் அதே எச்சரிக்கைதான்.

பலரைக் குழப்பும் ஒன்று: டையில் அளவாக்கிய பிறகும் தோட்டா சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) போகவில்லை, அதுவும் முன்னால் சுலபமாகப் போன கேஸ். டை மேலே நின்றால் அது உடலை மட்டும் பிடித்து அழுத்தும். பிதுங்கிய பித்தளைக்கு வேறு போக்கிடம் இல்லாததால் தோள் முன்னே நகரும். அரைகுறையாக அளவாக்கிய கேஸ், சுட்ட கேஸை விட நீளமாக இருப்பது இதனால்தான். டையை எட்டில் ஒரு பங்கு சுற்று, அதற்கும் குறைவாக, மெல்ல மெல்ல இறக்கி ஒவ்வொரு முறையும் அளந்தால், அளவு முதலில் கூடிப் பிறகு குறைவதைப் பார்க்கலாம். ஒரே அமைப்பில் கேஸுக்குக் கேஸ் அளவு மாறினால், பலமுறை சுட்டு இறுகிப்போன பித்தளை துள்ளித் திரும்புகிறது. ராம் உச்சியில் இரண்டு மூன்று நொடி நிறுத்திப் பிடித்தால் ஓரளவு சீராகும். முழுத் தீர்வு கழுத்தையும் தோளையும் சூடுகாட்டி இளக்குவது.

பழைய ப்ரைமரைத் தள்ளும் ஊசி வளைந்தாலோ உடைந்தாலோ பெரும்பாலும் பெர்டான் வகைக் கேஸ் கலந்திருக்கிறது. அதில் நடுவில் ஒரு ஓட்டைக்குப் பதில் ஓரமாக இரண்டு சிறு ஓட்டைகள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தெரியும்.

ப்ரைமருக்கு வருவோம். அது கேஸ் அடியோடு சமமாகவோ 0.002 முதல் 0.006 அங்குலம் வரை உள்ளே இறங்கியோ இருக்க வேண்டும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. மேடாக இருந்தால் இரண்டு விதத் தொல்லை. ஃபைரிங் பின்னின் (ப்ரைமரை அடிக்கும் ஊசி) முதல் அடி ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிச் சுடாமல் போகும், இரண்டாவது அடியில் சுடும். அதை விட ஆபத்தானது, எம்1 காரண்ட் போலச் சுதந்திரமாக அசையும் ஃபைரிங் பின் உள்ள ரைபிளில் போல்ட் மூடும் வேகத்திலேயே சுட்டுவிடுவது.

ப்ரைமர் இறங்காததற்குக் காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். ராணுவக் கேஸாக இருந்தால் ப்ரைமரைச் சுற்றிக் கவ்விப் பிடித்த பித்தளை விளிம்பு மிச்சமிருக்கும். அதை ஸ்வேஜ் கருவியால் தள்ளவோ ரீமரால் சீவவோ வேண்டும். சீவும்போது குழியின் வாயை அகலமாக்கிவிடாதீர்கள். அடுத்தது, .45 ஏசிபி (ஒரு கைத்துப்பாக்கித் தோட்டா) கேஸ்கள் பெரிய ப்ரைமர் குழியோடும் வரும், சிறிய குழியோடும் வரும். பெரியது 0.210 அங்குலம், சிறியது 0.175. சுடுதளத்தில் பொறுக்கிய பித்தளையில் இரண்டும் கலந்தே இருக்கும், பிரித்து வைக்காவிட்டால் ப்ரொக்ரெசிவ் பிரஸ் (ஒரே இழுப்பில் பல நிலையங்களில் வேலை நடக்கும் பிரஸ்) சட்டென்று நிற்கும். பெரிய ரைபிள் ப்ரைமர் பெரிய பிஸ்டல் ப்ரைமரை விட உயரம், மாற்றிப் போட்டால் மேடாகவே நிற்கும். கடைசியாகக் குழியின் அடியில் கரி. அதிகம் இருந்தால் ப்ரைமர் மெத்தைமேல் உட்கார்ந்தது போல நிற்கும்.

எதிர்மாறாக, ப்ரைமர் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்தக் குழி தளர்ந்துவிட்டது. அழுத்தம் மிகுந்த தோட்டாக்களில் இது முதலில் வரும். அந்தக் கேஸ் இனி வேண்டாம். ஐந்து முறைக்குள்ளேயே தளர்ந்தால் உங்கள் நிரப்பு அளவு அதிகமோ என்று கையேட்டை மறுபடி பாருங்கள்.

பவுடரும் புல்லட்டும் போட்டு முடித்த தோட்டாவில் ப்ரைமர் மேடாக இருப்பது தெரிந்தால் அதை அழுத்தி இறக்க முயலவே கூடாது. புல்லட்டை எடுத்துப் பவுடரைக் கொட்டிய பிறகுதான் அடுத்த பேச்சு. ப்ரைமர் குழாயில் ஒன்று சிக்கி நின்றாலும் அப்படித்தான்: கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஒன்று வெடித்தால் குழாயில் இருக்கும் நூறும் சேர்ந்து வெடிக்கும். குழாயைக் கழற்றிக் கவிழ்த்து, முகத்தை விலக்கி வைத்து, மெதுவாகத் தட்டி எடுங்கள். கண் கண்ணாடி இல்லாமல் ப்ரைமர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

பவுடர் அளக்கும் கருவி எடை போடுவதில்லை, கொள்ளளவை மட்டும் அளக்கிறது. எனவே பவுடர் எவ்வளவு நெருக்கமாகப் படிகிறதோ அதற்கேற்ப எடை மாறும். மேலே பவுடர் கொட்டி வைக்கும் கிண்ணம் நிரம்பியிருக்கும்போது ஒரு எடை, கால்வாசிக்கு இறங்கியதும் வேறு. பாதிக்குக் கீழே போக விடாதீர்கள், தடுப்புத் தகடு இருந்தால் போடுங்கள். நிரப்பியவுடன் வரும் முதல் பத்துப் பதினைந்து அளவைத் திரும்பக் கிண்ணத்திலேயே கொட்டுங்கள், அதற்குள் படிந்துவிடும். கைப்பிடியை ஒரு முறை தட்டி ஒரு முறை மெல்ல விட்டால் எடையும் ஆடும். ஒரே வேகம், இரு முனையிலும் ஒரே தட்டு.

உருண்டைப் பவுடர் நீர் போல ஓடும். குச்சிப் பவுடரில் அளக்கும் கருவியின் டிரம் சுழலும்போது குச்சி வெட்டுப்படும் சத்தம் கேட்கும், அது பெரிய பாதகமில்லை. பாதகம் வேறு இடத்தில். .223 ரைபிள் கேஸ் போன்ற குறுகிய கழுத்தில் குச்சிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து இறங்கு குழாயில் பாலம் கட்டிவிடும். இந்தக் கேஸில் பாதிதான் விழும், மிச்சப் பாதி அடுத்த கேஸில் சேர்ந்து வழியும். வழிந்தது கண்ணில் படும். அதற்கு முந்தின கேஸைத் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவார்கள். ஒன்று வழிந்தால் முன்னால் போன கேஸையும் கொட்டுங்கள். குழாயின் உட்சுவரில் பவுடர் ஒட்டினால் நிலைமின்சாரம். துணி உலர்த்தும் ட்ரையர் ஷீட்டால் துடைத்தால் போகும். புதிய டிரம்மில் கிராஃபைட் தூள் பூசுவதும் உதவும்.

தராசு ஏமாற்றினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. மின்னணுத் தராசை இருபது முப்பது நிமிடம் முன்னதாகவே போட்டு வையுங்கள். ஏசி காற்று, மேலே சுழலும் மின்விசிறி, பக்கத்தில் வைத்த செல்போன், பழைய ட்யூப்லைட் எல்லாம் எண்ணை ஆட்டும். கூட வரும் 20 கிராம் அல்லது 50 கிராம் படிக்கல்லை மட்டும் நம்பாதீர்கள். 20 கிராம் என்பது 308.6 கிரெயின்; நாம் அளப்பதோ அதை விட மிகக் குறைவு. 1 கிராம் (15.43 கிரெயின்), 2 கிராம் (30.86 கிரெயின்) படிக்கற்கள் வாங்கி, நீங்கள் அளக்கும் எடைக்குப் பக்கத்தில் இருப்பதை ஒவ்வொரு இருபது அளவுக்கும் ஒரு முறை வைத்துப் பாருங்கள். இன்னொன்று: பல மின்னணுத் தராசுகள் மெல்ல ஏறும் எடையைத் தன் பிழை என்று நினைத்துச் சுழியத்தை நகர்த்திக்கொள்ளும். ஒவ்வொரு துகளாகத் தூவும்போது எண் நகராமல் நின்றால் தட்டைத் தூக்கி மறுபடி வையுங்கள், உண்மை எடை தெரியும். கோல் தராசுக்கு மின்சாரத் தொல்லை இல்லை. அதன் கத்தி முனையில் தூசி இருந்தால் மட்டும் சோம்பும்.

புல்லட் உட்காரும் கட்டத்தில் கேஸ் நசுங்குவதற்குத் தொடக்கத்தில் சொன்ன காரணம்தான் முதன்மையானது. உட்கார்த்துவதும் கிரிம்ப் (கேஸ் வாயைப் புல்லட்மேல் அழுத்திப் பிடிக்கவைப்பது) இறுக்குவதும் ஒரே டையில், ஒரே அழுத்தில் நடக்கும்போது, நீளமான கேஸுக்கு அதிகக் கிரிம்ப், குட்டையானதற்குக் குறைவு. நீளமானதில் வாய் புல்லட்டைக் கவ்விவிடும், புல்லட் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும், தோள் பிதுங்கும். .223 கேஸ் 1.760 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, வெட்டினால் 1.750-க்கு. .308 வின்செஸ்டர் 2.015, வெட்டினால் 2.005. எல்லாம் ஒரே நீளமானால் பாதித் தொல்லை போகும். மீதிக்கு உட்கார்த்துவதை ஒரு டையிலும் கிரிம்ப்பை வேறு டையிலும் செய்வதே என் பரிந்துரை.

9 மி.மீ. லூகர் கேஸ் வாயின் விளிம்பில்தான் சேம்பரில் நிற்கிறது. அதனால் வாயை உள்ளே சுருட்டும் கிரிம்ப் கூடாது, விரித்ததை நேராக்கினால் போதும். வாயில் அளந்தால் 0.378 முதல் 0.380 அங்குலம். புல்லட்டைப் பிடித்திருப்பது கிரிம்ப் அல்ல, கழுத்தின் இறுக்கம். சோதிக்க, தோட்டாவின் நீளத்தை அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் அந்தத் தோட்டா ஆபத்தானது. புல்லட் உள்ளே போகப் போகப் பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் வேகமாக ஏறும். கிரிம்ப்பை இன்னும் இறுக்குவது இதற்கு மருந்தல்ல. மிகையாக இறுக்கினால் புல்லட் உள்ளே அமுங்கும், பித்தளை துள்ளித் திரும்பும், பிடி இன்னும் தளரும்.

ப்ரொக்ரெசிவ் பிரஸ்ஸில் ஷெல் ப்ளேட்டின் (கேஸ்களைத் தாங்கிச் சுழலும் தட்டு) நடு போல்ட் தளர்ந்தால் ப்ரைமர் கோணலாக ஏறும், நீளம் மாறும். மிகையாக இறுகினால் ப்ளேட் உதறிச் சுழன்று பவுடர் தெறிக்கும். தட்டு சுழலும் அளவுக்குத் தளர்த்தி, பூட்டு ஸ்க்ரூவை இறுக்குவதுதான் சரி. தட்டில் ஒரே ஒரு கேஸ் இருக்கும்போது அமைத்த நீளம், எல்லா நிலையத்திலும் கேஸ் நிரம்பியதும் கொஞ்சம் கூடும். எனவே தட்டு நிரம்பியபடி அளந்து அமையுங்கள். எந்த நிலையத்தில் சிக்கினாலும் தட்டிலிருக்கும் எல்லாக் கேஸையும் வெளியே எடுத்துப் பவுடரைத் திரும்பக் கொட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள். இரட்டைப் பவுடர் விழுவது அநேகமாக இந்தச் சிக்கலை அவிழ்க்கும் அரை நிமிடத்தில்தான். கேஸின் பாதிக்கு மேல் நிரப்பும் பவுடரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் முறை விழுந்தது வழிந்து காட்டிக்கொடுக்கும். புல்லட் வைக்கும் நிலையத்துக்கு மேலே ஒரு சிறு விளக்கு மாட்டி, ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பாருங்கள்.

பித்தளையைப் பளபளப்பாக்க அம்மோனியா கலந்த பாலிஷ் எடுக்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையினர் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. பருவத்தோடு வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் இழுத்து உருவாக்கிய பித்தளையில் தங்கிய உள்ளழுத்தமும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921-இல் விளக்கப்பட்டது. கேஸ் சுத்தமாக இருந்தால் போதும், கண்ணாடி போல் மின்ன வேண்டியதில்லை. உலர்ந்த சோளக்கதிர்த் தூளில் உருட்டினால் எழும் தூசியில் ப்ரைமரின் ஈயம் இருக்கும். டம்ளரை (கேஸை உருட்டித் துலக்கும் கருவி) மூடி, வெளியே வைத்து ஓட்டுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. ஈரமாகத் தேய்த்தால் தூசி இல்லை, ஆனால் கூடப் போடும் எஃகு ஊசிகள் கேஸுக்குள் தங்கும். ஒவ்வொன்றையும் கவிழ்த்து உதறுங்கள், நன்றாக உலர்த்துங்கள்.

வேலை முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சிய பவுடர் அதே நாளில் அதன் சொந்த டப்பாவுக்குப் போக வேண்டும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பா. எது என்று சந்தேகம் வந்த பவுடரை எந்த டப்பாவிலும் சேர்க்காதீர்கள்.

முடிந்த தோட்டாவைக் கேஜிலோ, கழற்றிய பேரலின் (துப்பாக்கிக் குழல்) சேம்பரிலோ போட்டுப் பாருங்கள்; தானாக விழுந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். சுடும்போது ஒரு வெடிச் சத்தம் மற்றவற்றை விட மெலிந்து கேட்டால், அடுத்ததை ஏற்றாமல் துப்பாக்கியைக் காலி செய்து, பேரலின் வாய்வழியாக ஒரு பித்தளைக் கம்பியை விட்டு உள்ளே புல்லட் நிற்கிறதா என்று பாருங்கள். பவுடர் விழாத கேஸில் ப்ரைமர் மட்டும் வெடித்தாலே புல்லட் பேரலுக்குள் ஏறி நின்றுவிடும். அதன்மேல் இன்னொன்று வந்தால் பேரல் உப்பும் அல்லது பிளக்கும். கம்பி தடையின்றிச் சேம்பர் வரை போனால் மட்டும் அடுத்ததை ஏற்றுங்கள். முட்டினால் அன்றைய சுடுதல் முடிந்தது. அந்தப் பெட்டியில் மிஞ்சியவற்றை எடை போட்டு, ஒத்துவராதவற்றைப் பிரித்துப் பாருங்கள்.